420ம் கஞ்சாவும்: இந்த வார்த்தையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?

திண்ணை77 — 3 மார்ச் 2025, இரவு 9:12

அமெரிக்காவில 420ன்னா கஞ்சா, நம்ம ஊர்ல 420ன்னா ஃப்ராடு. கலிஃபோர்னியா போலீஸ் வயர்லெஸ்ல கஞ்சா கேசுக்கு 420ன்னு சொல்லுவாங்க, அதுலேர்ந்து வந்ததுன்னு ஒரு வாட்சப் ஃபார்வர்டு சுத்துது. ரெண்டும் சட்டப் பிரிவு எண்தானே, மூலம் ஒண்ணாத்தான் இருக்கணும். சரிபார்த்தவங்க இருந்தா சொல்லுங்க.

குமாஸ்தா — 3 மார்ச், இரவு 9:41

மூலம் ஒண்ணு இல்ல. நம்ம 420 இந்தியத் தண்டனைச் சட்டத்தோடது, 1860ல போட்டது. ஒருத்தரை ஏமாத்தி சொத்தைக் கைமாத்த வைக்கிறது, 7 வருஷம் வரைக்கும் தண்டனை. சிங்கப்பூர், மலேசியா, பாகிஸ்தான், வங்கதேசம் எல்லாத்துலயும் அதே எண், அதே குத்தம். நம்மகிட்டதான் இப்ப அது இல்ல: 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா 318(4). ஆனா ஊர் வாயில 420 அப்படியேதான் இருக்கும். "அவன் சரியான 318(4)"ன்னு யாரும் திட்டப் போறதில்ல.

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்திலயும் 420ன்னு ஒரு பிரிவு இருக்கு. அது அரசு நிலத்துக்குள்ள போறவங்களை வழிமறிக்கிறதைப் பத்தினது. கஞ்சாவுக்கு அங்க வேற சட்டத்தொகுப்பு, சுகாதாரம்-பாதுகாப்புத் தொகுப்புல 11357லேர்ந்து வருது. போலீஸ் கோடு கதை அதோட சரி.

ஏட்டுச்சுவடி — 4 மார்ச், காலை 6:50

ஆவணம் இருக்கிற கதை இதுதான். 1971, கலிஃபோர்னியாவில் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளி. சுவரோரமா (சுவர் இங்கிலீஷ்ல "வால்") கூடிப் பேசுறதால தங்களுக்கு "வால்டோஸ்"னு பேர் வெச்சுக்கிட்ட அஞ்சு பசங்க. பாயின்ட் ரேயஸ் பக்கம் யாரோ போட்டுட்டுக் கைவிட்ட செடிகள் இருக்குன்னு ஒரு வரைபடம் அவங்க கைக்கு வந்தது. விளையாட்டுப் பயிற்சி முடிஞ்சு சாயங்காலம் 4:20க்கு, பள்ளி வளாகத்துல லூயி பாஸ்டர் சிலைகிட்ட சேர்ந்து தேடப் போறதுன்னு ஏற்பாடு. பகல்ல எதிர்ப்பட்டா "420 லூயி"ன்னு ஞாபகப்படுத்திக்குவாங்க. செடி கடைசிவரை கிடைக்கல. "லூயி" உதிர்ந்துபோச்சு, எண் மட்டும் மிச்சம்.

இதை ஏன் நம்பலாம்? 1970கள்ல தபால் முத்திரையோட இருக்கிற கடிதங்கள்ல இந்தச் சொல் வருது. 1974ல அந்தப் பள்ளியோட மாணவர் பத்திரிகையிலயும் அச்சாகியிருக்கு. மத்த கதை எதுக்கும் அந்தக் காலத்துத் தாள் ஒண்ணுகூடக் கிடையாது.

பரவினது கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு ரசிகர்கள் வழியா. 1990 டிசம்பர்ல ஓக்லாந்துல அவங்க கச்சேரி வாசல்ல ஒரு துண்டறிக்கை கொடுத்தாங்க. 1991ல ஹை டைம்ஸ் பத்திரிகை அதை அச்சுல போட்டது. வேடிக்கை என்னன்னா, "இது போலீஸ் கோடு"ங்கிற கதையும் அந்தத் துண்டறிக்கையிலேயே இருக்கு. சொல்லும் பொய்யும் ஒரே தாள்ல ஊர் சுத்தியிருக்கு. உங்களுக்கு வந்த ஃபார்வர்டுக்கு வயசு முப்பத்தஞ்சு.

திண்ணை77 — 4 மார்ச், காலை 8:05

பாப் மார்லி பிறந்தநாள்னும் ஒண்ணு வந்துச்சே?

ஏட்டுச்சுவடி — 4 மார்ச், காலை 8:31

மார்லி பிறந்தது பிப்ரவரி 6, இறந்தது மே 11. ரெண்டும் இல்ல. ஏப்ரல் 20 ஹிட்லர் பிறந்தநாள்ங்கிறது நிஜம், ஆனா சம்பந்தம் இல்ல. ஏன்னா 420 முதல்ல மணி, தேதி ஆனது பிறகு. மாசத்தை முன்னால எழுதுற அமெரிக்க வழக்கத்துலதான் 4/20 ஏப்ரல் 20 ஆகும். நம்ம வழக்கத்துல எழுதினா 20/4, சொல்லே செத்துடும். செடியில 420 ரசாயனம் இருக்குங்கிறதும் கட்டுக்கதை.

இன்னொரு பொறி: கலிஃபோர்னியா மருத்துவக் கஞ்சா சட்ட முன்வரைவுக்கு எண் செனட் 420, 2003ல. அதைக் காட்டி "பாருங்க, சட்டத்துல இருக்கு"ன்னு சொல்றாங்க. வழக்குச் சொல்லைப் பார்த்துச் சட்டத்துக்கு எண் வெச்சது அது. எது முன்னாடி எது பின்னாடின்னு தேதி பார்க்காம சொற்பிறப்பு பேசுறதுல முக்கால்வாசித் தப்பு இங்கதான் நடக்குது.

பனங்கொட்டை — 4 மார்ச், மதியம் 1:20

எங்கட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில ஏமாத்திப் பொருள் வாங்குறதுக்கு எண் 420 இல்லை, 403. 1883இல வந்த சட்டம், வரிசை வேற. ஆனாலும் யாழ்ப்பாணத்தில "அவன் ஒரு ஃபோர் ட்வென்டி" எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர். அது சட்டத்தால வந்த சொல் இல்லை, இந்தியப் படங்களால வந்த சொல்.

குமாஸ்தா — 4 மார்ச், மதியம் 1:58

நைஜீரியாவில மோசடிக்கு 419. அங்கேயும் குற்றச் சட்டப் பிரிவுதான். கொலராடோவில 420ஆவது மைல் பலகையை ஆளுங்க திருடிக்கிட்டே இருந்ததால 419.99ன்னு எழுதி நட்டுட்டாங்க. ஒரு பைசா தசமத்துல நைஜீரியா பக்கம் சாய்ஞ்சிருக்கு.

சப்டைட்டில் கூலி — 5 மார்ச், இரவு 11:30

இழையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புறேன். அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களுக்குத் தமிழ் வசன வரி எழுதுறவங்களுக்கு இந்தச் சொல் எல்லாம் பெரிய தலைவலி. "கிராஸ்"னா "புல்"லுன்னு போட்டு, கதாநாயகன் புல்லு வாங்க ராத்திரி ரெண்டு மணிக்குப் போற மாதிரி ஒரு வரி ஓடிக்கிட்டிருக்கு. ஜாயின்ட், ஸ்ப்ளிஃப், பிளன்ட் மூணும் ஒண்ணா வேறயா?

ஏட்டுச்சுவடி — 6 மார்ச், காலை 7:15

வேற. பேசுறவர் எந்த ஊர்னு பார்த்துதான் முடிவு செய்யணும்.

ஜாயின்ட்: அமெரிக்காவில் தாளில் சுத்தின கஞ்சா, புகையிலை கலக்காதது.

ஸ்ப்ளிஃப்: கரீபியச் சொல். ஜமைக்காவில் தடிமனா, கூம்பு மாதிரி சுத்தினது, முழுக்கக் கஞ்சா. லண்டனுக்கு வந்ததும் சுத்தின எதுவும் ஸ்ப்ளிஃப், பெரும்பாலும் புகையிலை கலந்தது. அமெரிக்காவுக்குப் போனதும் "புகையிலை கலந்தது"ங்கிறதே அதோட அடையாளம் ஆயிடுச்சு. ஜமைக்காக்காரர் வாயில வர்ற ஸ்ப்ளிஃபுக்கு "புகையிலை கலந்த"ன்னு அடைமொழி போட்டா நேர்மாறாப் போயிடும்.

பிளன்ட்: மேல் சுத்து தாள் இல்ல, சுருட்டு இலை. ஃபிலீஸ் பிளன்ட்ங்கிற மலிவுச் சுருட்டைப் பிரிச்சு உள்ளே இருக்கிறதைக் கொட்டிட்டு நிரப்பினதால வந்த பேர்.

தமிழ்ல இந்த மூணுக்கும் தனித்தனிச் சொல் தேட வேண்டாம். கேட்கிறவனுக்குப் புரியுற "ஜாயின்ட்" இங்கேயே புழக்கத்துல இருக்கு. வித்தியாசம் கதைக்கு முக்கியம்னா மட்டும் "சுருட்டு இலையில சுத்தினது"ன்னு விரிச்சு எழுதுங்க.

சப்டைட்டில் கூலி — 6 மார்ச், காலை 9:02

"டோப்"?

ஏட்டுச்சுவடி — 6 மார்ச், காலை 9:10

டச்சு மொழியில "டோப்" (doop), தொட்டுக்கிற குழம்பு. அமெரிக்காவில் கெட்டியான குழம்புக்கு ஆகி, அப்புறம் பதமாக் காய்ச்சின அபினுக்கு, அப்புறம் எந்தப் போதைக்கும், கடைசியில விளையாட்டு வீரருக்குப் போடுற ஊசிக்கும். நம்ம டோப்பா தலைமுடி வேற வம்சம்.

திண்ணை77 — 6 மார்ச், இரவு 10:40

கஞ்சாவே தமிழ்ச் சொல்தானே? கஞ்சி போய் இங்கிலீஷ்ல காஞ்சி ஆன மாதிரி கஞ்சாவும் போயிருக்கும். ஜமைக்கா வரைக்கும் நம்மாளுங்க கூலிக்குப் போயிருக்காங்க.

ஏட்டுச்சுவடி — 7 மார்ச், காலை 7:40

கஞ்சி தமிழ்லேர்ந்து போனது சரி. போர்ச்சுகீசியர் அதை எடுத்துக்கிட்டுப் போய் இன்னிக்கும் கோழி சூப்பை "கான்ஜா"ன்னுதான் சொல்றாங்க. லிஸ்பன் ஓட்டல்ல அதைப் பார்த்துக் குதிக்க வேண்டாம், கோழிதான் வரும்.

கஞ்சா வேற. சமஸ்கிருதத்துல "கஞ்ஜா", முதலெழுத்து கனத்த க (இங்கிலீஷ் g ஒலி). இந்தி, வங்காளத்துல "காஞ்சா", அதுவும் கனத்த ஒலி. தமிழ்ல சொல்லோட முதல்ல கனத்த க வராததால நாம மெலிசாச் சொல்றோம். ஜமைக்காவில், கயானாவில், டிரினிடாட்ல, மொரீஷியஸ்ல எங்க பார்த்தாலும் கனத்த ஒலிதான். சொல் வட இந்திய வாயிலேர்ந்து இறங்கியிருக்குன்னு அர்த்தம். கப்பலும் அதையே சொல்லுது: ஜமைக்காவுக்கு இந்தியக் கூலிகளை ஏத்திக்கிட்டு முதல்ல போனது பிளண்டல் ஹண்டர், 1845 மே 10ஆம் தேதி ஓல்டு ஹார்பர்ல நின்னது, கிளம்பினது கல்கத்தா. 1917 வரைக்கும் 36 ஆயிரத்துக்கு மேல போனாங்க. சென்னையிலேர்ந்தும் ஆள் போனாங்கதான், ஆனா பெரும்பான்மை வடக்கு.

அந்த ஊர்ச் சொல்லா மாறின வேகத்தைப் பாருங்க. 1913லயே ஜமைக்கா அபின் சட்டத்துல "கஞ்சா"ன்னு அதே பேரோட தடை வந்துடுச்சு. 2015ல தளர்த்தினப்பவும் சட்டத்துல அதே பேர்தான்: 2 அவுன்ஸ் வரை வெச்சிருந்தா 500 ஜமைக்கா டாலர் அபராதச் சீட்டு, ஒரு வீட்டுக்கு 5 செடி.

ஜமைக்காவோட ராஸ்தஃபாரி சமயத்துக்காரங்க குடிக்கிற குழாய்க்கு "சாலிஸ்"னு பேர், கிறிஸ்தவக் கிண்ணம். குழாய் மட்டும் நம்ம சிலும்பியோட (கஞ்சா குடிக்கிற மண் குழாய்) உறவு. நல்ல சரக்குக்கு "காலி"ன்னும் சொல்லுவாங்க. காளி தேவின்னு ஒரு விளக்கம், இந்தியில "கலி", அதாவது மொட்டுன்னு ஒரு விளக்கம். என் ஓட்டு மொட்டுக்கு. கஞ்சாங்கிறதே பூங்கொத்துதான், தரம் பார்க்கிறவன் மொட்டைத்தான் பேசுவான். காளி கதை கேட்க நல்லா இருக்கு, அதனாலேயே கொஞ்சம் சந்தேகம்.

பனங்கொட்டை — 7 மார்ச், காலை 10:15

தாய்லாந்தில "கஞ்சா" எண்டே சொல்லுறாங்கள், மெல்லிய க. அது தமிழ்தானே அப்ப?

ஏட்டுச்சுவடி — 7 மார்ச், இரவு 9:55

நல்ல கேள்வி, இழுக்குது. தாய் எழுத்துல "கோ கை"ன்னு மெல்லிய க ஒண்ணு, "கோ க்வாய்"ன்னு வேற ஒண்ணு. சமஸ்கிருதத்துக் கனத்த க பொதுவா ரெண்டாவது எழுத்துக்குத்தான் போகும். குணம், கஜம் எல்லாம் அப்படித்தான் எழுதுறாங்க. கஞ்சா மட்டும் முதல் எழுத்துல நிக்குது. விதிக்கு மாறினது உண்மை. ஆனா விதிக்கு மாறினதுன்னா உடனே தமிழ்னு ஆகாது. பேச்சு வழியா, வேற மொழி வழியா வந்திருந்தாலும் அப்படி ஆகலாம். தமிழ்னு சொல்ல ஒரு பழைய தாள் வேணும், ஒலி மட்டும் போதாது.

தாய்லாந்து நமக்குத் திருப்பிக் கொடுத்த சொல் வேற ஒண்ணு இருக்கு: பாங். "பாங்"னா அங்க மூங்கில் குழாய். 1944ல வந்த தாய்-ஆங்கில அகராதியில கஞ்சா குடிக்கிற மூங்கில் குழாய்ன்னே பொருள் போட்டிருக்கு. வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்கச் சிப்பாய்கள் எடுத்துக்கிட்டுப் போனாங்க. கஞ்சாச் செடியோட இலையான பாங்கோட இதைச் சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம்.

நேட்டால்காத்து — 8 மார்ச், மாலை 5:30

தென்னாப்பிரிக்காவில் தமிழ் ஆட்கள் சம்பந்தம் நேராவே இருக்கு. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மெட்ராசிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. பத்தே வருஷம்: 1870ல நேட்டாலின் 2ஆம் சட்டம், கூலி ஆட்கள் சணல் (அதாவது கஞ்சா) செடியின் எந்தப் பகுதியையும் குடிக்கவோ, வைத்திருக்கவோ, அவங்களுக்கு மத்தவங்க விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று சொல்லியது. "கூலி"களுக்கு மட்டும். பக்கத்துல ஜூலு ஆட்கள் அதே செடியை "இன்சாங்கு" என்று குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களைப் பத்தி அந்தச் சட்டம் பேசவில்லை. தோட்ட முதலாளிக்கு வேலை கெடக் கூடாது, அதுதான் கவலை.

ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் நிலைத்த சொல் கஞ்சா இல்லை, "டாகா". கோய்கோய் என்ற அங்குள்ள பழங்குடி மொழியிலிருந்து ஆஃப்ரிகான்ஸுக்கு வந்தது, எழுத்தில் டச்சுக்காரர் வந்த 1650களிலேயே உண்டு. அந்தப் பெயர் லியோனோட்டிஸ் என்ற காட்டுச் செடிக்கும் ஓடுகிறது, அதை இன்றும் "காட்டு டாகா" என்பார்கள். ஆரஞ்சுப் பூ, கஞ்சா இனமே இல்லை. பழைய குறிப்பில் "டாகா" என்று வந்தால் எந்தச் செடி என்று உடனே சொல்ல முடியாது, அதை வைத்து கஞ்சா வரலாறு எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஏட்டுச்சுவடி — 8 மார்ச், இரவு 8:20

இதே வழுக்கல் பாங்குலயும். பாரசீக "பங்" அரபுக்குப் போய் "பஞ்ஜ்" ஆனப்ப ஊமத்தை வம்சத்துல வர்ற குரோசாணி ஓமத்துக்குப் பேராயிடுச்சு. இன்னிக்கு அரபுல அந்தச் சொல் மயக்க மருந்து. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது கஞ்சாவாவே போச்சு: சுவாஹிலியில "பாங்கி", ஜிம்பாப்வேயில "ம்பாஞ்சே". கென்யா ஆங்கிலப் பத்திரிகைகள்ல செடி, பூ எல்லாத்துக்கும் "பாங்". நம்ம நாட்டுல இலைக்கு மட்டும் இருந்த பேர் கடல் தாண்டினதும் மொத்தச் செடிக்கும் ஆகியிருக்கு.

"ஹஷீஷ்" அரபுல உலர்ந்த புல், வைக்கோல். ஆங்கிலத்துல பிசினுக்கு மட்டும். புல்லுன்னு போட்ட அந்த வசன வரி எழுத்தாளர் அரபு படிச்சவரோ என்னவோ.

குமாஸ்தா — 9 மார்ச், காலை 11:00

எந்தப் பகுதிக்கு எந்தப் பேர்ங்கிறது நம்ம நாட்டுல வெறும் அகராதி விஷயம் இல்ல, ஜெயில் வருஷம். 1985 போதைப் பொருள் சட்டம் பிரிவு 2(iii) சொல்ற மூணு:

சரஸ்: செடியிலேர்ந்து பிரிச்ச பிசின், எந்த வடிவத்துலயும்.

கஞ்சா: பூக்கிற அல்லது காய்க்கிற நுனி. விதையும் இலையும் நுனியோட சேர்ந்து வந்தாத்தான் கணக்கு, தனியா இருந்தா இல்ல.

மூணாவது, மேல ரெண்டும் கலந்த கலவை.

தனி இலையான பாங்கு இந்த வரையறையில வரல. அதான் ஜெய்சால்மர்ல அரசு உரிமத்தோட பாங்குக் கடை. மாநில அரசு விடணும், தமிழ்நாட்டுல அப்படிக் கடை கிடையாது. டி-சர்ட்ல அச்சடிக்கிற அந்த ஏழு விரல் இலை, இந்த வரையறைப்படி கஞ்சாவே இல்ல.

அளவு:

கஞ்சா 1 கிலோவுக்குக் கீழ "சிறு அளவு", 1 வருஷம் வரை. 20 கிலோ தாண்டினா "வணிக அளவு", குறைஞ்சது 10 வருஷம், 20 வரை போகும், அபராதம் 1 லட்சத்துலேர்ந்து. நடுவுல 10 வருஷம் வரை.

சரஸ் 100 கிராம் வரைக்கும்தான் சிறு அளவு. 1 கிலோ தாண்டினாலே வணிக அளவு.

முக்கால் கிலோ கஞ்சாவுக்கு அதிகபட்சம் 1 வருஷம், ஒண்ணேகால் கிலோ சரஸுக்குக் குறைஞ்சபட்சம் 10. செய்தியில ரெண்டையும் "கஞ்சா"ன்னு எழுதிட்டா படிக்கிறவனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

கோர்ட்ல சிக்கல் வர்ற இடம் எடை. மூட்டையோட 22 கிலோன்னு மகஜர்ல எழுதியிருப்பாங்க. தண்டு, உதிர்ந்த இலை, விதை எவ்வளவுன்னு பிரிச்சிருக்க மாட்டாங்க. நுனி மட்டும் 20 தாண்டுதாங்கிற கேள்வி உடனே வரும். "கஞ்சா செடி"ன்னு எழுதினா பயிரிட்டதுக்கான 20(அ)வா, வெச்சிருந்ததுக்கான 20(ஆ)வாங்கிறது இன்னொரு தகராறு.

திண்ணை77 — 9 மார்ச், மதியம் 12:10

அந்த மூணு பிரிவு யாரு பிரிச்சது? வெள்ளைக்காரனா?

ஏட்டுச்சுவடி — 10 மார்ச், காலை 6:30

பிரிவு சந்தையில ஏற்கெனவே இருந்தது. வெள்ளைக்காரன் எழுதி வெச்சான். 1893ல இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம்னு ஒண்ணு போட்டாங்க, தலைவர் மக்வொர்த் யங். ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரிச்சு 1894ல அறிக்கை. மொத்தமாத் தடை செய்யத் தேவை இல்லைன்னு முடிவு.

வங்காளத்துல ராஜ்ஷாஹி மாவட்டம் நவகாவ்னில் விளைஞ்சதுக்கு மூணு சந்தைப் பேர்: காலால் மிதிச்சுத் தட்டையாக்கினது "சப்டா", உருட்டி உருண்டையாக்கினது "கோல்", உதிர்ந்த தூள் "சூர்". ஒவ்வொண்ணுக்கும் வேற வரி, அதான் பேர் இவ்வளவு துல்லியம். வயல்ல ஆண் செடியைக் கண்டுபிடிச்சுப் பிடுங்க "போத்தார்"னு தனி ஆள். ஒரு ஆண் செடி தப்பினாலும் மகரந்தம் பட்டுப் பூவெல்லாம் விதை பிடிச்சுடும், பிசின் குறையும், விலை இறங்கும். இதையே மெக்சிகோவில் ஸ்பானிய மொழியில் "சின் செமில்லா", விதை இல்லாததுன்னாங்க. 1970கள்ல அமெரிக்கா அதைப் புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி கொண்டாடினது. வங்காளத்துல அதுக்குச் சம்பளம் வாங்குற ஆளே இருந்தான்.

அந்த அறிக்கையில் மெட்ராஸ் மாகாணத்துக்குப் பயிர் நடந்த இடமா ரெண்டு வரும்: கிருஷ்ணா மாவட்டம், வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலை.

பனங்கொட்டை — 10 மார்ச், மாலை 6:45

இஞ்ச பேப்பரில எப்பவும் "கேரள கஞ்சா", சுருக்கி "கேஜி". கடல் வழியா இந்தியாவில இருந்து வாறதுக்கு எல்லாம் அந்தப் பேர்தான். கேரளாவில விளைஞ்சதோ ஆந்திரா-ஒடிசா எல்லையில விளைஞ்சதோ ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளூர்ச் சரக்கில இருந்து பிரிச்சுச் சொல்லுறதுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான். நாட்டு வைத்தியக் கடை லேகியத்துக்கு "மதன மோதகம்". அந்தப் பேரைக் கேட்டு ஆரும் இனிப்புக் கொழுக்கட்டை எண்டு நினைச்சிட வேண்டாம்.

ஏட்டுச்சுவடி — 10 மார்ச், இரவு 9:15

ஊர்ப்பேர் ஒட்டின சரக்குப் பேர் எல்லாமே இப்படித்தான் போகும். "குஷ்" இந்துகுஷ் மலையிலேர்ந்து வந்த வகைக்கு வெச்ச பேர், இப்ப அமெரிக்காவில் எதுக்கும் ஒட்டுற லேபிள். "ஸ்கங்க்" 1970கள்ல கலிஃபோர்னியாவில் உருவாக்கின ஒரே ஒரு கலப்பினம். பிரிட்டிஷ் பத்திரிகையில வீரியமான எல்லாமே ஸ்கங்க். "கிஃப்" மொராக்கோவில் நறுக்கின பூவும் புகையிலையும் கலந்தது, செப்சின்னு நீளக் குழாயில குடிக்கிறது. அமெரிக்காவில் அதே சொல்லுக்குச் சலிச்செடுத்த பிசின் தூள்னு பொருள். பழைய சொல் கடை பலகைக்கு வந்துட்டா அதை வெச்சு ஊரையும் இனத்தையும் கண்டுபிடிக்க முடியாது.

சப்டைட்டில் கூலி — 11 மார்ச், இரவு 11:50

தமிழ்ல என்ன சொல்லு இருக்கு, அதைச் சொல்லுங்க. அமெரிக்கன் ஒருத்தன் ஒரு வரியில நாலு பேர் சொல்றான், எனக்குக் கஞ்சாவைத் தவிர எதுவும் வர மாட்டேங்குது.

திண்ணை77 — 12 மார்ச், காலை 7:00

பொட்டலம், ஸ்டஃப், பொருள். பொருளை மட்டும் பார்த்துப் போடுங்க, வட சென்னையில பொருள்னா கத்தி.

ஏட்டுச்சுவடி — 12 மார்ச், காலை 8:45

அடுக்கு அடுக்கா இருக்கு. சித்த வைத்தியத்துல "கோரக்கர் மூலி". சாமியார் வட்டத்துல "சிவமூலி", "சிவமூலிகை". போலீஸ் செய்தியில "பொட்டலம்". கல்லூரிப் பசங்ககிட்ட "ஸ்டஃப்", "ஸ்கோர் பண்றது". ஒரு அடுக்குச் சொல்லை இன்னொரு ஆள் வாயில வெச்சா ஒட்டாது. நியூயார்க் பையன் சிவமூலின்னா சிரிப்பாங்க, ராஸ்தஃபாரிக் கிழவர் மூலிகைன்னு சொன்னா சரியா உட்காரும். அவங்களே அதை "ஹெர்ப்"னுதான் சொல்றாங்க.

வினைச்சொல்தான் தமிழ்ல வளம். பீடி, சுருட்டு, கஞ்சா மூணையும் "குடி"க்கிறதுன்னு சொல்ற வழக்கு தெக்கேயும் ஈழத்துலயும் உண்டு. "கஞ்சா குடிக்கி"ங்கிற பழைய வசவு அதுலேர்ந்து. சென்னையில "அடி"க்கிறது, தண்ணி மாதிரியே. வாய் வழியா ஒரு மூச்சு உள்ளே போறது "இழுப்பு".

"தம்" தனிக் கதை. பாரசீகத்துல "தம்"னா மூச்சு. இந்தியில சிலும்பியிலயோ ஹுக்காவிலயோ ஒரு இழுப்பு. தமிழ்ல மூச்சும் இருக்கு ("தம் கட்டிப் பாடினான்"), இழுப்பும் இருக்கு ("ஒரு தம் குடு"), கடைசியில சிகரெட்டே தம் ஆயிடுச்சு ("பொட்டிக்கடையில ரெண்டு தம் வாங்கிட்டு வா"). ஆவியை அடைச்சு வேக வெக்கிற தம் பிரியாணியும் அதே மூச்சுதான். வசன வரியில "ஹிட்", "டோக்" வந்தா யோசிக்காம "ஒரு இழுப்பு"ன்னு போடுங்க. "ஒரு தம்"னு போட்டா பார்க்கிறவன் சிகரெட்டுன்னு எடுத்துக்குவான்.

"மப்பு" போடாதீங்க. வானம் மூட்டமா இருக்கிறதுக்கு இருந்த சொல் குடிபோதைக்குப் போனது, சாராய வாசனை அடிக்கும். கஞ்சாவுக்குக் கண்ணு சொருகுறதுதான் சரி.

திண்ணை77 — 12 மார்ச், காலை 9:20

மாவா?

குமாஸ்தா — 12 மார்ச், காலை 9:34

மாவா பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்றது, கஞ்சா கிடையாது. செய்தியில பக்கத்துப் பக்கத்துல வர்றதால குழம்புறாங்க.

சப்டைட்டில் கூலி — 13 மார்ச், இரவு 12:40

கடைசியா ஒண்ணு. எடை. "எய்த்", "ஜிப்", "டைம் பேக்". டைம் பேக்குக்கு "10 கிராம்"னு ஒரு வரி பார்த்தேன்.

ஏட்டுச்சுவடி — 13 மார்ச், காலை 7:05

எய்த்: அவுன்ஸ்ல எட்டுல ஒரு பங்கு, 3.5 கிராம். குவார்ட்டர்: 7 கிராம். நம்ம ஊர்ல குவார்ட்டர்னா 180 மில்லி, அதனால அப்படியே விடாதீங்க. ஜிப்: ஒரு அவுன்ஸ், 28 கிராம்.

டைம் பேக் எடையே இல்ல, விலை. டைம்னா 10 சென்ட் நாணயம், வழக்குல 10 டாலர் பொட்டலம். நிக்கல் பேக் 5 டாலர். எடை ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் மாறும்.

குமாஸ்தா — 13 மார்ச், காலை 8:12

இமாச்சல்ல சரஸ் "தோலா" கணக்கு. தங்க எடைத் தோலா 11.66 கிராம், ஆனா அங்க விக்கிறவன் தோலான்னா 10 கிராம்தான் தர்றான். அங்க மலானா கிராமத்துப் பக்கம் நடக்கிற கதைன்னா "தோலா"ன்னே விடுங்க, கிராமா மாத்தாதீங்க. மாத்தித்தான் ஆகணும்னா 10.